மூன்று கடலோர ஊர்களில் தங்கிப் பார்த்த ஆறு மாதம்

31 வருடம் செவிலியராக வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி இரவுப் பணி. ஓய்வு பெற்றதும் கடல் பக்கம் போய்விடலாம் என்பது நானும் என் கணவரும் சேர்ந்து போட்ட திட்டம். இப்போது அவர் இல்லை. கடல் வேண்டும் என்கிற ஆசை மட்டும் எனக்குக் குறையவில்லை. ஆனால் தனியாகப் போகிறவளுக்கு அலைச் சத்தம் மட்டும் போதாது. இரவு பதினொரு மணிக்குத் தலை சுற்றினால் கதவைத் தட்ட நாலு வீடு வேண்டும். அதனால்தான் வீட்டை வாங்கிவிட்டு ஆட்களைத் தேடாமல், முதலில் தங்கிப் பார்க்கும் சேவை ஒன்றில் சேர்ந்தேன்.

இதுபோன்ற சேவைகள் பல உண்டு. நான் சேர்ந்ததன் பெயரைச் சொல்லவில்லை. ஏற்பாடு இதுதான். ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். வருடத்தில் சில மாதம் வேறு ஊருக்குப் போகிறவர்களின் வீடுகளை, சாமான்களோடு, மாதக் கணக்கில் நமக்குத் தருவார்கள். குறைந்தது ஒரு மாதம் தங்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். வந்த முதல் வாரத்தில் 'வரவேற்பு மாலை' ஒன்று நடத்துவார். ஊர் பிடித்தால் நீண்ட நாள் வாடகைக்கோ விலைக்கோ வீடு பார்க்க உதவுவார்கள். நான் மூன்று ஊர்களில் தங்கினேன்: முதல் ஊரில் ஒரு மாதம், இரண்டாவதில் இரண்டு மாதம், மூன்றாவதில் மூன்று மாதம்.

முதல் ஊரைப் படத்தில் பார்த்த உடனே தேர்ந்தெடுத்துவிட்டேன். குன்றின் மேல் புதிய அடுக்குமாடி, எந்த ஜன்னலைத் திறந்தாலும் கடல். அங்கே மொத்தம் 32 வீடுகள். இரவுப் பணி செய்து பழகியதால் எனக்குத் தூக்கம் தாமதமாகத்தான் வரும். ஒன்பது மணிக்கு மேல் கீழே இறங்கி நடப்பேன். வார்டில் படுக்கை எண்ணுகிற பழக்கத்தில் விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணுவேன். முதல் வாரம் 11 வீட்டில் வெளிச்சம் இருந்தது. மூன்றாவது வாரம் நான்கு. அதில் ஒன்று என்னுடையது. மற்றவையெல்லாம் விடுமுறைக்கு மட்டும் திறக்கிற வீடுகள். அந்த மாதம் முழுவதும், காவலாளியையும் துப்புரவுப் பணியாளரையும் தவிர்த்து, நான் மனிதர்களோடு பேசியது ஏழு மணி நேரம். நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

ஏன் மணிக்கணக்கு எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். புதிய ஊருக்குக் குடிபெயர்ந்து ஆறு மாதத்துக்குள் இருந்தவர்களையும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்துச் செய்தது. அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பர் என்றே சொல்ல 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து செலவிட வேண்டியிருக்கிறது என்பது அவர் கண்டது. கூடவே வேலை செய்கிற நேரத்தைவிட, சும்மா உட்கார்ந்து பேசுவது, சேர்ந்து ஏதாவது விளையாடுவது போன்றவைதான் நட்பாகக் கனிகிறதாம். இதைப் படித்த பிறகு சேவையின் வரவேற்பு மாலை எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. இரண்டு மணி நேரம், பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் இனிமையானவர்கள். ஆனால் எல்லோரும் என்னைப் போலவே தங்கிப் பார்க்க வந்தவர்கள். அடுத்த மாதம் அவர்கள் வேறு ஊரில் இருப்பார்கள். ஊர்க்காரர் ஒருவர்கூட அங்கே வரவில்லை. மூன்று ஊரிலும் இதே கதைதான். இந்தச் சேவையில் உடனே மாற்ற வேண்டியது இது.

இரண்டாவது ஊர் மீன்பிடித் துறைமுகம். இங்கே மனிதர்களுக்குக் குறைவில்லை. விடிவதற்கு முன்பே படகுகள் கிளம்பிவிடும். ஏலம் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். பத்து மணிக்கு ஊரே ஓய்வெடுக்கும். இரவுப் பணிக்காரியான எனக்கு நாலு மணிக்கு எழுவது கஷ்டமில்லை, தினமும் போனேன். அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் அங்கே எல்லோர் கையிலும் வேலை இருந்தது, என் கையில் இல்லை. வேலைக்கு நடுவே நிற்கிறவளோடு எத்தனை நேரம் பேச முடியும்? ஐந்தாவது வாரம், வலை பழுது பார்க்கும் ஒரு பெண் நூல்கண்டை என்னிடம் நீட்டி, "அக்கா, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள். அன்றிலிருந்து தினமும் பிடித்தேன். எட்டாவது வாரம் அறுந்த கண்ணியைக் கட்டவும் கற்றுக்கொடுத்தாள். அதற்குள் என் இரண்டு மாதம் முடிந்துவிட்டது. ஊரில் குறை இல்லை. நான் இன்னும் ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும்.

வீட்டைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அலையிலிருந்து நூறு அடிகூட இல்லாத வீடு. குளியலறைக் கதவின் கீல் துருப்பிடித்து இறுகி, ஒருநாள் உள்ளேயே மாட்டிக்கொண்டேன். தனியாக இருப்பவளுக்கு இது சிறிய விஷயமில்லை. சேவைக்குத் தகவல் சொன்னேன். ஆள் வந்தது ஒன்பது நாள் கழித்து. வந்த தச்சர் நல்லவர், நிறையச் சொல்லிக்கொடுத்தார். சாதாரண எவர்சில்வரும் உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். மாலிப்டினம் கலந்த 316 ரகம்தான் கரையோரத்தில் தாக்குப்பிடிக்கும். கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் பூச்சு வெடித்து உதிரும். வீடு பார்க்கப் போகிறவர்கள் கடல் தெரியும் பால்கனியில் நின்று வெளியே மட்டும் பார்க்காமல், அதே பால்கனியின் அடிப்பக்கத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அங்கே கம்பி தெரிந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம்.

இப்போது மூன்றாவது ஊர். சேவையின் பட்டியலில் இதற்குத்தான் மூன்றிலும் குறைந்த மதிப்பெண். கடற்கரை பாறை, வீடு பழசு, ஜன்னலில் கடல் ஒரு கீற்றுதான் தெரியும். வேறு எதுவும் காலி இல்லாததால்தான் வந்தேன்.

வீட்டுக்காரர் சமையலறைச் சுவரில் ஓத அட்டவணை ஒன்றை, அதாவது கடல் நீர் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலை, ஒட்டி வைத்திருந்தார். அதில் சில நேரங்களைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். ஏனென்று மூன்றாம் நாள் புரிந்தது. இந்த ஊரில் ஒரு குளியல் கூட்டம் இருக்கிறது. ஓதம் வற்றியிருந்தால் பாறை வெளியே தெரியும், இறங்க முடியாது. தண்ணீர் ஏறி நிற்கும்போது மட்டும்தான் குளிக்கலாம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது இன்று காலை எட்டு மணிக்கு என்றால் நாளை ஏறக்குறைய எட்டு ஐம்பதுக்கு. இவர்கள் கூடும் நேரமும் நிலாவோடு சேர்ந்து தினமும் நகர்ந்துகொண்டே போகும். இரண்டு வாரத்தில் ஒரு சுற்று முடிந்து பழைய நேரத்துக்கே வந்துவிடும்.

இந்த நகரும் நேரம் செய்கிற காரியத்தை நான் பல நாள் யோசித்துப் பார்த்தேன். நிலையாகக் காலை ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு வர முடிந்தவர்கள் மட்டும்தான் எப்போதும் இருப்பார்கள். இங்கே ஒரு வாரம் ஓய்வு பெற்றவர்கள், இன்னொரு வாரம் பள்ளி முடித்து வரும் ஆசிரியர்கள், அப்புறம் கடையை மூடிவிட்டு வருகிறவர்கள் என்று ஆட்கள் மாறி மாறி வருகிறார்கள். பதினைந்து நாளில் நான் ஏறக்குறைய பாதி ஊரைப் பார்த்துவிட்டேன். யாரும் என்னை வரவேற்கவில்லை, யாரும் விசாரிக்கவும் இல்லை. எனக்கு நீச்சல் சுமாராகத்தான் தெரியும் என்றதும், "அப்ப துண்டைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க, இடுப்பளவு தண்ணி வர்றப்ப கூப்பிடறேன்" என்றார் ஒருவர். அவ்வளவுதான். இழுப்பு நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வர வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். டிசம்பர் முடிவில் என் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 61 மணி நேரம் இருந்தது.

நவம்பர் 5 உலக சுனாமி விழிப்புணர்வு நாள். அன்று இந்த ஊரில் ஒத்திகை நடந்தது. அந்தத் தேதிக்கு ஒரு கதை உண்டு. 1854-இல் ஜப்பானில் பெரிய நிலநடுக்கம் வந்து கடல் எழுந்தபோது, ஹமகுச்சி கோரியோ என்பவர் நெற்கட்டுகளுக்குத் தீ வைத்து, இருட்டில் தடுமாறிய கிராமத்து மக்களுக்கு மேட்டுக்கு வழி காட்டினார். பிறகு அதே மக்களுக்கு வேலை கொடுத்துக் கரையில் தடுப்பணையும் கட்டினார். அந்த நினைவில்தான் ஐ.நா. இந்த நாளைத் தேர்ந்தெடுத்தது. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் 'சுனாமி ரெடி' என்ற பெயரில் அபாய வரைபடம், வெளியேறும் வழி, ஒத்திகை என 12 அளவுகோல்கள் வைத்துக் கடலோர ஊர்களை அங்கீகரிக்கிறது. குடியேறப் போகும் ஊரில் கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது என்று கேளுங்கள். கேட்கும்போது பதில் சொல்கிறவரின் முகத்தையும் பாருங்கள். நடத்துகிற ஊரில் அவர் தேதியோடு சொல்வார்.

ஒத்திகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு வந்த எனக்கும் கொடுத்தார்கள். அடுத்த தெருவில் 82 வயது அம்மா ஒருவர், வாக்கர் பிடித்து நடப்பவர். மேட்டுக்குப் போகும் படிக்கட்டு செங்குத்தானது. பாதியில் நின்று, "சிஸ்டர், மெதுவாப் போவோம், ஒத்திகைதானே" என்றார். "இன்னிக்கு ஏறினாத்தான் அன்னிக்கு ஏற முடியும் அம்மா" என்றேன். மூச்சு வாங்கும்போதெல்லாம் நாடி பிடித்துப் பார்த்தேன். கடைசி வளைவில் இரண்டு பையன்கள் நாற்காலியோடு இறங்கி வந்து தூக்கிக்கொண்டார்கள். மேலே போய்ச் சேர 19 நிமிடம். அடுத்த நாளே அந்த அம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். அதன் பிறகு போகாத நாள் குறைவு.

நட்பு எங்கே வளர்கிறது என்பதற்கு இன்னொரு பழைய ஆய்வும் உண்டு. லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் செய்து 1950-இல் வெளியிட்டது. பக்கத்து வீட்டுக்காரரை நெருங்கிய நண்பர் என்று சொன்னவர்கள் 41 சதவீதம். அதே தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே அது 10 சதவீதம்தான். படிக்கட்டின் அருகில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் கிடைத்தார்கள். என் வீடு மூன்றாவது ஊரில் கடலுக்கு இறங்கும் படிக்கட்டின் வாசலில் இருந்தது. கடல் சரியாகத் தெரியாத வீடு என்று பட்டியலில் மதிப்பெண் குறைத்திருந்தார்கள். ஆனால் கடலுக்குப் போகிற எல்லோரும் என் வாசலைத் தாண்டித்தான் போனார்கள்.

சேவைக்கு நான் கொடுப்பது ஐந்துக்கு மூன்றரை. வாங்கும் முன் வாழ்ந்து பார்க்க வைத்ததற்கு முழு நன்றி. இல்லாவிட்டால் நான் அந்த 32 வீட்டு மாடியில் ஒன்றை வாங்கியிருப்பேன். ஆனால் பழுது பார்க்க ஒன்பது நாள் என்பது ஏற்கவே முடியாதது. அவர்களுடைய மதிப்பெண் தாளில் காட்சி, கடற்கரைத் தூரம், இணைய வேகம் எல்லாம் உண்டு. வருடம் முழுவதும் விளக்கு எரியும் வீடுகள் எத்தனை, ஊர்க்காரர்கள் தினமும் கூடும் இடம் நடக்கும் தூரத்தில் உண்டா, மருத்துவமனைக்கு இரவில் எத்தனை நிமிடம் என்ற மூன்று கேள்வியும் இல்லை. எழுதி அனுப்பினேன், பதில் இன்னும் வரவில்லை. சேரப் போகிறவர்கள் மூன்று ஊருக்கு ஆசைப்பட வேண்டாம். ஒரே ஊரில் ஆறு மாதம், அதுவும் ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் போன பிறகு உள்ள மாதங்களைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது ஊரில் வீடு வாங்கிவிட்டாயா என்று மகள் கேட்டாள். இல்லை. 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது; 2006-க்கும் 2018-க்கும் இடையில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்று வேகம் கூடியிருக்கிறது என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு அறிக்கை. என் வயதுக்கு வாடகையே போதும். ஓராண்டுக்கு எழுதிக்கொண்டேன், அதே வீடு. ஓத அட்டவணையில் இந்த வருடத்து வட்டங்களை நான் போட்டிருக்கிறேன். அடுத்த ஒத்திகைக்கும் அந்த அம்மா என் பொறுப்பில்தான். வாரம் மூன்று நாள் மாலையில் முதல் இருபது படி ஏறிப் பழகுகிறோம்.