புகை அலாரமா, கேஸ் அலாரமா?

எங்கள் சமையலறையில் முதலில் மாட்டியது புகை அலாரம்தான். மிளகாய் வற்றல் தாளித்த அன்றே கத்தித் தீர்த்துவிட்டது; அத்தை முறத்தால் விசிறி அடக்கினார். புகை மேலே போகும், அதனால் அதன் இடம் கூரை. ஆனால் அடுப்படியில் வேண்டாம், படுக்கையறைக்கு வெளியே மாட்டுங்கள். நடு இரவில் ஒயர் கருகினால் எழுப்புவது அதுதான். பேட்டரியில் ஓடும், மாதம் ஒருமுறை பட்டனை அமுக்கிப் பாருங்கள், 10 வருடமானால் மாற்றிவிடுங்கள்.

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். கேஸ் அலாரத்துக்குத் தரையிலிருந்து ஓர் அடி உயரம் சரி. பலவும் கரண்டில் ஓடுபவை, பவர் கட்டானால் ஊமை.

ஒன்றுதான் வாங்க முடியுமா? அப்படியானால் புகை அலாரம். கேஸ் கசிவைப் பகலில் மூக்கே சொல்லிவிடும். அதற்காகத்தான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் ரசாயனத்தைக் கேஸில் கலக்கிறார்கள். இரவுக்கு? படுக்கப் போகும் முன் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.