டிஸ்னியா யுனிவர்சலா என்று கணக்குப் போட்டவன் ஹோட்டல் லாபியில் ஏமாந்த கதை

டிஸ்னி, யுனிவர்சல் என்ற கேளிக்கைப் பூங்காக்களைப் பார்க்க புளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்து ஊரான கிஸ்ஸிம்மியில் 192-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி அறை எடுத்திருந்தால் கட்டாயம் படியுங்கள். மலிவு டிக்கெட் ஆசையில் ஏப்ரல் விடுமுறையில் எங்களுக்கு நடந்தது இது. பணம் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது. போன நாட்கள் போனதுதான்.

நாங்கள் அட்லாண்டா பக்கம் இருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த மாமா, அத்தை. ஆக ஆறு பேர். ஸ்பிரிங் பிரேக்குக்கு டிஸ்னியா யுனிவர்சலா என்ற பேச்சு ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. எனக்கு எதையும் எக்செல்லில் போட்டுப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. இரண்டு மாதம் போட்டேன்.

முதலில் உயரம். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அளந்ததில் மகன் 41 அங்குலம். டிஸ்னியில் ஸ்லிங்கி டாக், ஏழு குள்ளர்களின் சுரங்க ரயில் என்ற இரண்டு சவாரிகளிலும் ஏற 38 அங்குலம் போதும். அவதார் சவாரிக்கு 44 வேண்டும். யுனிவர்சலில் எல்லோரும் சிலாகிக்கும் ஹாக்ரிட் மோட்டார் சைக்கிளுக்கு 48, வெலாசிகோஸ்டருக்கு 51. அதாவது யுனிவர்சலில் பாதி நேரம் எங்களில் ஒருவர் அவனை வெளியே வைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி. படகில் உட்கார வைத்து பொம்மைகளைச் சுற்றிக் காட்டும் சவாரி, அனிமல் கிங்டத்தில் வண்டியில் போய் ஒட்டகச்சிவிங்கி பார்ப்பது, இவையெல்லாம் அவருக்குத் தோதானவை. சாப்பாட்டிலும் டிஸ்னிதான் மேல். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் இல்லாமல் வெளிச்சாப்பாடு எடுத்துப் போகலாம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லிக்குத் தடையில்லை. யுனிவர்சலில் தண்ணீர், சிறு நொறுக்குத்தீனி தவிர மற்றதற்கு முகம் சுளிப்பார்கள்.

யுனிவர்சல் பக்கமும் கணக்கில் வலுவாகத்தான் இருந்தது. போர்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிபிக் என்ற மூன்று ஹோட்டல்களில் தங்கினால், பழைய இரண்டு பார்க்குகளிலும் வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் அறையில் இருக்கும் எல்லோருக்கும் இலவசம். 2025 மே மாதம் திறந்த புதிய பார்க்கான எபிக் யுனிவர்ஸுக்கு அது செல்லாது. அந்தப் பழைய இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் நடந்தே போய்விடலாம். டிஸ்னியில் அப்படி இல்லை. ஒரு பார்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பேருந்தோ காரோ வேண்டும். மேஜிக் கிங்டத்துக்கு வெளியிலிருந்து காரில் போனால், நிறுத்திவிட்டு அங்கிருந்து மோனோரயிலோ ஏரியில் படகோ பிடிக்க வேண்டும்.

டிக்கெட் இரண்டிலும் தேதிக்குத் தேதி மாறும். பத்து வயதானால் பெரியவர் டிக்கெட். மகளுக்குப் பத்து ஆக இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே என்று நான் மகிழ்ந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவில் டிஸ்னி இரண்டு நாள், யுனிவர்சல் ஒரு நாள், தங்குவது கிஸ்ஸிம்மியில் என்று ஆயிற்று. ஆறு பேருக்கு டிஸ்னி மட்டுமே இரண்டாயிரம் டாலரை நெருங்கியது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் கை நடுங்கியது. எங்காவது இன்னும் நூறு இருநூறு குறையும் என்று டிக்கெட் வாங்காமலே கிளம்பினேன். நான் செய்த முதல் தப்பு அது.

சனிக்கிழமை ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, இருட்டின பிறகு ஹோட்டல் போய்ச் சேர்ந்தோம். செக்-இன் மேசைக்கு எதிரிலேயே இன்னொரு மேசை. ‘விருந்தினர் சேவை’ என்று பலகை. ஹோட்டல்காரர்கள் போட்டிருந்த அதே நீலச் சட்டை, நெஞ்சில் பெயர்ப் பட்டை. எங்கள் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு திரும்பியதும் அந்த மனிதர், “நாளைக்கு எந்தப் பார்க்?” என்று கேட்டார். மேஜிக் கிங்டம் என்றேன். டிக்கெட் வாங்கியாயிற்றா என்றார். இல்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. களைப்பில் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு பேருக்கும் டிக்கெட் மொத்தம் 240 டாலர். நாளைக் காலை எட்டு மணிக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் இலவசச் சிற்றுண்டி, தொண்ணூறு நிமிடம் சுற்றிக் காட்டுவார்கள், எதுவும் வாங்க வேண்டியதில்லை, பத்து மணிக்கு டிக்கெட்டோடு வெளியே வரலாம். இப்போது 40 டாலர் முன்பணம், வந்து கலந்துகொண்டால் அதுவும் திரும்பக் கிடைக்கும். கணவன் மனைவி இருவரும் வர வேண்டும், கையில் கிரெடிட் கார்டும் லைசென்ஸும் இருக்க வேண்டும்.

“ஏங்க, சும்மா யாரு தருவா?” என்றாள் மனைவி. நான் என் எக்செல்லை நினைத்துக்கொண்டு, தொண்ணூறு நிமிடத்துக்கு ஆயிரம் டாலர் மிச்சம் என்றேன்.

அந்த ரிசார்ட்டைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. செயற்கை அருவி, நீச்சல் குளம், துடைத்து வைத்த மாதிரி அறைகள். குழந்தைகளை விளையாட்டு அறையில் விட்டோம், மாமாவும் அத்தையும் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். எங்களை ஒரு பெரிய கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். நாற்பது ஐம்பது வட்ட மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தம்பதி, எதிரே ஒரு விற்பனையாளர். அவ்வப்போது எங்கோ ஒரு மேசையில் பாட்டில் திறக்கும் சத்தம், உடனே கூடம் முழுக்கக் கைதட்டல். யாரோ வாங்கிவிட்டார்களாம்.

எங்களுக்கு வந்தவர் ஐம்பது வயதுக்காரர், பேச்சில் அவசரமே இல்லை. பிள்ளைகளின் பெயர் கேட்டார், அத்தையின் முழங்கால் பற்றிக் கூடக் கேட்டார். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஆண்டுக்கு ஹோட்டலுக்கு எவ்வளவு செலவு செய்கிறீர்கள் என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். அவர் எழுதியதெல்லாம் எனக்கு நேராகத் தெரிந்தது. அதாவது அவர் தன் பக்கமிருந்து தலைகீழாக எழுதிக்கொண்டிருந்தார், எண்கள் ஒன்று கூடக் கோணவில்லை. அதை வியந்து பார்த்துக்கொண்டிருந்ததில் என்ன எழுதுகிறார் என்பதை விட்டுவிட்டேன். இருபது ஆண்டுக்கு 40,000 டாலர் வாடகையாகப் போகிறது, கையில் ஒன்றும் மிஞ்சாது என்று கீழே கோடு போட்டார். சொந்தமாக்கிக்கொண்டால் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம்.

இதுதான் டைம்ஷேர், அதாவது ரிசார்ட்டில் தங்கும் உரிமையைப் பங்காக விலைக்கு வாங்குவது. ஆண்டுக்கு ஒரு வாரம், அல்லது அதற்கு ஈடான புள்ளிகள். விலை 38,000. முடியாது என்றதும் மேலாளர் என்று ஒருவர் வந்தார், 24,000. அதுவும் முடியாது என்று எழுந்தால், நீங்கள் இன்னும் டிக்கெட் வாங்கும் இடத்துக்குப் போகவில்லையே என்று உட்கார வைத்தார்கள். மணி பன்னிரண்டு. மகன் ஓடி வந்து “மிக்கி எப்போ?” என்று கேட்டுவிட்டுப் போனான். மூன்றாவதாக ஒரு பெண்மணி வந்தார், யாரோ திருப்பிக் கொடுத்த பங்கு ஒன்று இருக்கிறது, 14,900, இன்று மட்டும். பத்து சதவீதம், 1,490 டாலர் கட்டினால் போதும்.

கையெழுத்துப் போட்டேன். இதற்கு மேல் அதை அழகாகச் சொல்லத் தெரியவில்லை. மனைவியும் போட்டாள், என் முகத்தைப் பார்க்காமல். எங்கள் மேசையிலும் பாட்டில் திறந்தார்கள். கூடம் கைதட்டியது.

வெளியே வந்தபோது 1:40. டிக்கெட் கொடுக்கும் சன்னலில் எங்கள் கைக்கு வந்தது இரண்டு டிக்கெட். மற்ற நாலு? கலந்துகொண்ட இருவருக்குத்தான் சலுகை, சீட்டின் பின்பக்கத்தில் இருக்கிறதே என்றார்கள். இருந்தது, எறும்பு எழுத்தில். மீதி நாலையும் கார் நிறுத்துமிடத்தில் நின்று டிஸ்னியின் செயலியில் முழு விலைக்கு வாங்கினேன். காரை நிறுத்தி, படகு பிடித்து, மேஜிக் கிங்டம் வாசலைத் தொட்டபோது மூன்றரை மணி. மகன் எட்டு மணிக்கு என் தோளில் தூங்கிவிட்டான். வாணவேடிக்கையை அவன் பார்க்கவில்லை.

மறுநாள் இரவு. மாமா கூட்டுறவு வங்கியில் முப்பது ஆண்டு கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பால்கனி விளக்கில் அந்தத் தடித்த கோப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். இடையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, “மாப்பிள்ளை, மீதிப் பணத்துக்கு வட்டி எவ்வளவுன்னு பாத்தீங்களா? 17.9. நாங்க நகைக்கடனுக்குக் கூட இப்படி வாங்கினதில்ல” என்றார். இன்னும் நாலு பக்கம் தள்ளி, பராமரிப்புக் கட்டணம். நாங்கள் போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுக்கு 1,100 டாலர், அதுவும் ஏறிக்கொண்டே போகும். “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு கையெழுத்துப் பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். என் கையெழுத்துக்கு இரண்டு விரல் மேலே, தடித்த எழுத்தில், பத்து நாட்களுக்குள் எந்த அபராதமும் இல்லாமல் ரத்து செய்யலாம் என்று இருந்தது. பேனா வைக்க வேண்டிய இடத்தை அந்தப் பெண்மணி விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். அந்த விரல் இருந்த இடம்தான் அது.

இந்த ஒரு பத்தியையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புளோரிடாவில் டைம்ஷேர் ஒப்பந்தம் போட்டால், கையெழுத்திட்ட நாளிலிருந்தோ, கடைசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேர்த்துத்தான் பத்து நாள். உங்களை அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்ல அவர்களால் முடியாது. ஆனால் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் முதலில் தொலைபேசியில் கூப்பிட்டேன். மிகவும் கனிவாக, மேலாளர் வியாழக்கிழமை அழைப்பார், அதுவரை பொறுங்கள் என்றார்கள். பொறுத்திருந்தால் நாள்தான் ஓடும். ஒப்பந்தத்தில் ரத்துக்கென்று கொடுத்திருக்கும் முகவரிக்கே, ஒப்பந்த எண், தேதி, இருவர் பெயர், இருவர் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம். செவ்வாய்க்கிழமை ஹோட்டல் அச்சுப்பொறியில் எடுத்து, தபால் நிலையத்தில் சர்ட்டிஃபைடு மெயிலில், கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்கித் திரும்பி வரும் பச்சை அட்டையோடு அனுப்பினோம். தபாலில் அனுப்பினால் அஞ்சல் முத்திரையின் தேதிதான் கணக்கு. முத்திரை விழுந்த ரசீதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் நாள் 1,490 டாலரும் கார்டில் திரும்பியது.

யுனிவர்சலுக்கென்று வைத்திருந்த நாள் அந்தச் செவ்வாய்க்கிழமைதான். மகள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

எல்லா டைம்ஷேரும் மோசடி என்று சொல்ல வரவில்லை. டிஸ்னியே 1991-லிருந்து அந்த வகைத் திட்டம் ஒன்றை நடத்துகிறது, ஆண்டுதோறும் போகிறவர்களில் சிலருக்கு அது கட்டுப்படியாகிறது. வேண்டும் என்றால் பழைய உரிமையாளர்களிடம் பாருங்கள். ஆளை விட்டால் போதும் என்று ஒரு டாலருக்கு விற்பனைக்குப் போட்டிருப்பவற்றை அப்புறம் இணையத்தில் பார்த்து வயிறெரிந்தேன்.

இன்னொன்று. அதே 192-ஆம் நெடுஞ்சாலையில் பெட்டிக்கடை மாதிரி டிக்கெட் கடைகள் இருக்கின்றன. அவற்றில் சிலதில், பல நாள் டிக்கெட்டில் யாரோ ஒரு நாள் போய்விட்டு மீதியை விற்றது கிடைக்கும் என்று பேசிக்கொள்வார்கள். போகாதீர்கள். டிஸ்னி டிக்கெட்டை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடியாது, வாசலில் விரலை வைத்துப் பார்ப்பார்கள். பாதி பயன்படுத்திய பல நாள் டிக்கெட்டை விற்பது புளோரிடா சட்டப்படி குற்றமும் கூட. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்களிடம் குறைவது ஒரு சின்னத் தொகைதான். பாதி விலை, கால் விலை என்று யாராவது சொன்னால் மீதியை வேறு வழியில் வாங்கப்போகிறார் என்று அர்த்தம்.

முன்பணம் 40 டாலர் இன்னும் வரவில்லை. மூன்று முறை கூப்பிட்டாயிற்று. அன்றைக்கு இருந்தவர் இப்போது வேலையில் இல்லை என்கிறார்கள் மேசைக்காரர்கள். ஹோட்டலைக் கேட்டால், அந்த மேசை எங்களுடையதே இல்லை, லாபியில் அவர்களுக்கு இடம் வாடகைக்கு விட்டிருக்கிறோம், அவ்வளவுதான் என்கிறார்கள். அப்படியானால் அந்த நீலச் சட்டை என்று கேட்டேன். இணைப்பைக் காத்திருப்பில் போட்டார்கள். பதினொரு நிமிடம் பாட்டு கேட்டுவிட்டு நானே வைத்துவிட்டேன்.