எச்4 ஹெட்லைட் ரிலே கிட்: எந்த பிக்கப்புக்கு வாங்கலாம்?

பிக்கப்பில் ஹெட்லைட் வெட்டி வெட்டி எரிகிறது என்றால், ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் உடனே எடுத்துக் காட்டுவது ரிலே கிட்தான். ரிலே என்பது சுவிட்ச் கொடுக்கும் சின்னக் கரண்டில் இயங்கி, பேட்டரியின் பெரிய கரண்டை நேராகப் பல்புக்கு விடும் மின் சுவிட்ச்; எச்4 என்பது ஹை பீம், லோ பீம் இரண்டும் ஒரே பல்பில் உள்ள வகை. இரண்டு ரிலே, ஒரு பியூஸ் ஹோல்டர், இரண்டு செராமிக் பல்பு ஹோல்டர், வயர் எல்லாம் கட்டி ஒரே செட்டாக வரும். நல்ல பொருள், கொடுக்கும் காசுக்கு வேலை செய்யும். ஆனால் டிப்பர் சுவிட்சிலும் (ஹை பீம், லோ பீம் மாற்றுவது) மெல்லிய வயரிலும் கரண்ட் வீணாகிற வண்டிக்குத்தான் அது சரி. கோளாறு வேறு இடத்தில் இருந்தால் கிட் மாட்டிய பிறகும் லைட் வெட்டிக்கொண்டேதான் இருக்கும்.

அதனால் வாங்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் செலவழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வெட்டுகிறதா? அந்தப் பக்கத்து ஹோல்டரையும், எர்த்தையும் (பல்பின் நெகட்டிவ் வயர் வண்டி பாடியில் சேரும் இடம்) பார்த்தால் போதும். லைட்டைப் போட்டு ஹோல்டரைக் கையால் லேசாக ஆட்டுங்கள். வெளிச்சம் போய்ப் போய் வந்தால் உள்ளே தகடு விரிந்திருக்கிறது, இல்லையென்றால் பிளாஸ்டிக் உருகிக் கருகியிருக்கிறது. அதற்கு ஹோல்டர் மட்டும் மாற்றினாலே சரியாகிவிடும்.

இரண்டு பக்கமும் சேர்ந்து வெட்டினால் இன்ஜினை நிறுத்திவிட்டு லைட்டைப் போடுங்கள். அப்போது நிலையாக எரிந்து, ஸ்டார்ட் செய்ததும் துடித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரை. பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை அசையாமல் நிற்க வேண்டும். 12.5-க்கும் 15-க்கும் நடுவே தாவினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், தேய்ந்த கார்பன் பிரஷ், தளர்ந்த பெல்ட் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே இடத்தில் வைக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி டெர்மினல் கையால் திருகினாலே அசைகிறது என்றால் மற்ற எதையும் தொடுவதற்கு முன் அதை இறுக்குங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் கிட்டுக்கான சோதனை. இன்ஜின் ஓட, லைட் எரிய, மீட்டரை மறுபடி டிசிக்கு மாற்றி, அதன் சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பு முனையை பல்பு ஹோல்டரின் லோ பீம் பின்னிலும் வையுங்கள். வழியில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று நேரடியாகத் தெரிந்துவிடும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கிட் தேவையில்லை. பழைய பிக்கப்பில் ஒன்று, ஒன்றரை வோல்ட் விழுவது சாதாரணம். 13.8 வர வேண்டிய பல்புக்கு 12 மட்டும் வந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதே மாதிரி பேட்டரி நெகட்டிவிலிருந்து பல்பின் எர்த் பின்னுக்கும் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் என்றால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டும் துருவும் போகிற வரை உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள். பல வண்டிகளுக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

இனி கிட்டின் தரம். கடையில் தொங்குவதில் பல செட்டுகளுக்கு வயர் தடிமனாகத் தெரியும், ஆனால் தடிமன் முழுக்க மேலே உள்ள பிளாஸ்டிக்தான். நுனியை உரித்து ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, வேண்டாம். 60/55 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். மெயின் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பும், 20 ஆம்பியர் பியூஸும் போதும். பியூஸ் ஹோல்டர்தான் இந்தக் கிட்டுகளின் பலவீனமான இடம். தகடு பியூஸை இறுகப் பிடிக்காவிட்டால் அங்கேயே சூடேறி உருகும். பியூஸைச் செருகி இழுத்துப் பார்த்து வாங்குங்கள். 100/90 வாட் பல்பு போடலாம் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். ஓட்டம் 17 ஆம்பியரைத் தாண்டும், ரிப்ளெக்டரும் கருகும்.

மாட்டும்போது முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ரிலேயின் கால்கள் கீழே பார்த்தபடி போல்ட் போட்டால் மழைத் தண்ணீர் உள்ளே நிற்காது. வண்டியின் பழைய ஹோல்டர் ஒன்றை மட்டும் கிட்டின் ஆண் பிளக்கில் செருகினால் போதும், மற்றதை டேப் சுற்றிக் கட்டிவிடலாம். இனி பழைய சுவிட்ச் வழியாகப் போவது ரிலே காயிலுக்கான கரண்ட் மட்டும்தான், அது கால் ஆம்பியர்கூட இல்லை. வயரை சைலன்சர் மேனிபோல்டுக்கும் ரேடியேட்டர் பேனுக்கும் தள்ளி, ஸ்லீவ் போட்டுக் கட்டுங்கள்.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். ரிலேயை இயக்கும் கரண்ட் ஒரே பக்கத்து ஹோல்டரிலிருந்து வருவதாலும், பியூஸ் ஒன்றே என்பதாலும், இரண்டில் எது விட்டாலும் இரண்டு லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்துவிடும். இரவில் காய்கறி லோடு ஏற்றி ஓடும் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி பியூஸ் வைத்த கிட் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது அதை எடுங்கள். ஒரு ரிலேயும் இரண்டு பியூஸும் டேஷ்போர்டில் எப்போதும் இருக்கட்டும்.

சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும் சில ஜப்பானிய வண்டிகளில் இந்தக் கிட் அப்படியே வேலை செய்யாது. டெஸ்ட் லேம்ப் வைத்து, டிப்பர் போடும்போது மாறுவது பாசிட்டிவா எர்த்தா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஹெட்லைட்டை கண்ட்ரோல் யூனிட் துடிப்பு துடிப்பாகக் கரண்ட் கொடுத்து எரிக்கும் புது மாடல்களுக்கு இதை வாங்கவே வேண்டாம். அந்தத் துடிப்போடு ரிலேயும் சேர்ந்து படபடத்து, வெட்டு இன்னும் அதிகமாகும்.