பெரிய லீவில் ராசிபுரமும் கொல்லிமலையும்

மெல்பர்னில் பள்ளிக்கூடப் பெரிய லீவு டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி கடைசி வரை போகும். போன முறை ஊருக்கு வந்தபோது அந்த லீவை நாங்கள் வீணடித்துவிட்டோம் என்றுதான் சொல்வேன். மூன்று வாரத்தில் பதினொரு ஊர், நான்கு கல்யாணம், பாதி ராத்திரி காரில், பிள்ளைகள் இரண்டும் யார் வீட்டில் தூங்கி எழுந்தோம் என்று தெரியாமலே திரும்பிப் போனார்கள். அப்போது மகனுக்குப் பத்து, மகளுக்கு ஆறு. இப்போது பதினாலும் பத்தும். இன்னும் நாலு வருஷம் போனால் மகன் எங்களோடு ஊருக்கு வருவானா என்பதே தெரியாது. அதனால் இந்த முறை முதலிலேயே முடிவு செய்துவிட்டோம்: ராசிபுரத்தில் அம்மா வீடு, நடுவில் ஐந்து ராத்திரி கொல்லிமலை, அவ்வளவுதான். பார்க்க வேண்டியவர்கள் அம்மா வீட்டுக்கு வரட்டும். இரண்டு பெரியப்பாக்களுக்கு அதில் வருத்தம்தான், ஆனால் இருவருமே வந்தார்கள்.

சிங்கப்பூர் வழியாகத் திருச்சியில் இறங்கினோம். புது முனையம் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது, நாங்கள் இப்போதுதான் முதல் முறை பார்க்கிறோம். சுவர் முழுக்கக் கோயில் ஓவியமும் வண்ணமுமாக, சின்னவள் பெட்டி வரும்வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீல்சேர் கேட்டிருந்த என் மாமியாரை விமானத்து வாசலில் இருந்து கார் வரை ஒரு தம்பி பொறுமையாகக் கூட்டி வந்தார். அங்கிருந்து முசிறி, தொட்டியம், நாமக்கல் வழியாக வீடு. முசிறி தாண்டும் வரை காவிரி கண்ணில் பட்டுக்கொண்டே வந்தது.

ஒரு விஷயத்தை வெளிநாட்டில் இருந்து பிள்ளைகளோடு வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். நாங்கள் பேசியிருந்த வண்டியில் பின் சீட்டு பெல்ட் இருந்தது, ஆனால் சீட் கவருக்கு அடியில் போயிருந்தது. கேட்டதற்கு, "பின்னாடி யாருங்க்கா போடறாங்க" என்றார் டிரைவர் தம்பி. அவர் மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்று நம் ஊர்ச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் விடவில்லை. கவரைக் கழற்றி, பக்கிளை வெளியே இழுத்து எடுக்க இருபது நிமிஷம் ஆனது. அடுத்த முறை வண்டி பேசும்போது ஏசி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள், வாட்ஸப்பில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். கொல்லிமலைக்கு அப்படித்தான் வண்டி பிடித்தோம், ஒரு தொந்தரவும் இல்லை.

பணம் விஷயத்தில் இந்த முறை பெரிய நிம்மதி. ஆஸ்திரேலிய போன் நம்பரையே என்ஆர்ஈ கணக்கோடு (வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்கள் நம் ஊர் வங்கியில் வைத்திருக்கும் கணக்கு) இணைத்து யூபிஐ வைத்துக்கொள்ளலாம், இப்போது பல நாட்டு நம்பர்களுக்கு அனுமதி இருக்கிறது. கிளம்பும் முன்பே அதைச் செய்துவிட்டதால் இளநீர்க் கடை முதல் ஜவுளிக் கடை வரை ஸ்கேன்தான். மலைமேல் மட்டும் சிக்னல் வரும், போகும். அங்கே கையில் நோட்டு வேண்டும், அதுவும் சில்லறையாக.

சரி, ஏன் கொல்லிமலை? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்தில் இருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, அதோடு டிசம்பர் கூட்டம் வேறு. கொல்லிமலை எங்கள் வீட்டு வாசலில் இருக்கிற மலை. சின்ன வயதில் மொட்டை மாடியில் இருந்து தினமும் பார்த்த மலை, ஆனால் நான் ஒரு ராத்திரி கூட அங்கே தங்கியதில்லை. முதலில் ஒரு ரிசார்ட்டில் 6,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். போட்டோவில் நீச்சல் குளம், மர வீடு எல்லாம் இருந்தது. போவதற்கு ஒரு வாரம் முன்பு கூப்பிட்டுக் கேட்டால் குளம் வேலையில் இருக்கிறது, மர வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். அந்தப் பணம் இன்று வரை திரும்பி வரவில்லை. பத்து தடவை கூப்பிட்டிருப்பேன். பணத்தைவிட, நேராக ஒரு பதில் சொல்லாமல் இழுத்தடித்ததுதான் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் அம்மாவுக்குத் தெரிந்த மளிகைக்கடைக்காரர் மூலமாகக் கிடைத்ததுதான் மலைமேல் செம்மேடு என்கிற ஊருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு காப்பித் தோட்டத்து வீடு. ஓட்டு வீடு, இரண்டு அறை, பின்னால் சுத்தமான கழிவறை, விறகு போட்டுக் காய்ச்சுகிற வெந்நீர் பாய்லர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,200 ரூபாய், மூன்று வேளைச் சாப்பாட்டோடு. போனிலேயே அந்த அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: "டிவி இல்லீங்க, சாயங்காலம் கரண்டு போகும், குளிரும், கம்பளி நாங்க தர்றோம், பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க." சொன்னபடியே எல்லாம் இருந்தது. சேவை என்றால் எனக்கு இதுதான்.

அரையாண்டு லீவு முடிந்து தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் திறந்த பிறகு போனோம், கூட்டமே இல்லை. பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி, அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எண் போட்டிருப்பதால் பிள்ளைகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார்கள், முப்பத்தெட்டில் சின்னவளுக்கு வாந்தி. காலையில் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதீர்கள், ஓர் எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

மேலே போனதும் முதல் நாள் மகன் போனைத் தூக்கித் தூக்கிச் சிக்னல் தேடினான். இரண்டாம் நாள் காப்பிப் பழம் பறிக்கிறவர்களோடு போய்விட்டான். சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும், பச்சையை விட்டுவிட வேண்டும், கிளை ஒடியக் கூடாது. மதியம் வரை பறித்துக் கால் கூடை நிறைந்தது, பக்கத்தில் நின்ற ஆயா அதற்குள் இரண்டு கூடை முடித்திருந்தார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. மிளகு கொடியில் காய்க்கும் என்பதே என் பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரியும். சாப்பாடு சாமைச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, ஒரு நாள் நாட்டுக்கோழி. ரோட்டோரம் முடவாட்டுக்கால் சூப் விற்கிறார்கள். பார்க்க மயிர் முளைத்த ஆட்டுக்கால் மாதிரி இருக்கும், உண்மையில் அது பாறையில் வளர்கிற ஒரு கிழங்கு. கறி சாப்பிடாத மகள் பயந்தாள், கிழங்கு என்று தெரிந்ததும் இரண்டு கப் குடித்தாள், நிறைய மிளகு.

கரண்டு போன நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அம்மா அந்தக் காலத்தில் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி கதை சொன்னார். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்து, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பில் போய் நின்றதாம். செம்மேட்டில் பகலில் பார்த்த சிலை யாருடையது என்று அப்போதுதான் மகளுக்கு விளங்கியது. "அம்மாயி, அம்பு யானைக்குள்ள போய் எப்படி வெளிய வரும்?" என்று அவள் கேட்க, மகன் அதற்கு இயற்பியல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். இரண்டு பேரும் சண்டை போடாமல் ஒரு மணி நேரம் பேசி எத்தனை நாளாயிற்று.

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி. அம்மாவையும் மாமியாரையும் அறப்பளீசுவரர் கோயிலில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் நாலு பேரும் இறங்கினோம். தண்ணீர் நன்றாக விழுந்தது. ஆனால் பெண்கள் உடை மாற்ற வசதி போதாது, நான் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் மகளுக்கு உடை மாற்றினேன். இவ்வளவு பேர் வருகிற இடத்தில் கதவு பூட்டுகிற இரண்டு அறை கட்டுவது பெரிய காரியமில்லை, கட்டாயம் செய்ய வேண்டும். ஏறி வரும்போது மகனுக்கு ஈரப் படியில் கால் பிசகிவிட்டது. அவனைத் தாங்கித் தாங்கி மேலே கொண்டுவர ஒன்றரை மணி நேரம். மலையிலேயே இருக்கிற அரசு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். பேர், வயது எழுதிக்கொண்டு நேரே உள்ளே. டாக்டர் அமுக்கிப் பார்த்து எலும்பு முறியவில்லை என்றார், செவிலியர் கட்டுப் போட்டார், மாத்திரை கொடுத்தார். பணம் எவ்வளவு என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, தம்பிய ரெண்டு நாள் நடக்க விடாதீங்க" என்றார். எல்லாம் அரை மணி நேரத்துக்குள். மெல்பர்னில் அவசரப் பிரிவில் இதே மாதிரிக் காலோடு நாலு மணி நேரம் காத்திருந்த ஞாபகம் எனக்கு வந்தது. அந்தச் செவிலியருக்கு என் நன்றி.

இரண்டு நாள் அவன் திண்ணையிலேயே இருந்தான். அந்த அக்காவின் மகன் பத்தாவது படிக்கிறவன், பள்ளி விட்டு வந்ததும் தாயக்கட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். கிளம்பும் நாளில் இரண்டு பேரும் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். சோளக்காட்டுச் சந்தையில் அரைக் கிலோ மிளகு வாங்கினேன், அக்கா கணக்கில் சேர்க்காமல் இன்னொரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மெல்பர்னில் இறங்கியதும் படிவத்தில் மிளகு என்று எழுதிக் காட்டினேன். அதிகாரி பிரித்து மோந்து பார்த்தார், எந்த ஊர் என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே சின்னவள் சொல்லிவிட்டாள், கொல்லிமலை என்று.