ரிவால்வரை மாற்றியமைக்கக் கொடுக்கும் முன்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரத்தில் உரிமம் பெற்ற ரிவால்வர் வைத்திருக்கும் தோட்டக்காரர்களுக்கும், ராணுவத்தில் ஓய்வு பெற்று மலையில் குடியிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சமவெளியில் ஒரு நகரத்துத் துப்பாக்கிக் கடை, "இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்லத் தோதாக மாற்றித் தருகிறோம்" என்று சொல்லி நம் பக்கத்து ஆட்களிடம் வேலை பிடித்துக்கொண்டிருக்கிறது. என் ரிவால்வரை அங்கே கொடுத்தேன். கேட்காத வேலைகளைச் செய்து, துப்பாக்கியைக் கெடுத்து, என்னைக் காவல் நிலையத்தில் பதில் சொல்ல நிறுத்திவிட்டார்கள். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

என்னிடம் இருப்பது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த .32 துளையளவு ரிவால்வர். மூன்று அங்குலக் குழல், ஆறு தோட்டா, முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை, நடுவில் மடித்துத் திறக்கும், வெப்லி என்ற பழைய ஆங்கிலேயத் துப்பாக்கியின் அமைப்பு. .38, 9 மி.மீ. அளவுகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை என்பதால், நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது .32தான். காப்பி விற்ற பணத்தோடு வத்தலக்குண்டிலிருந்து பொழுது சாய்ந்த பிறகு மலையேற வேண்டியிருக்கிறது. வாரக் கூலியையும் ரொக்கமாகத்தான் கொடுக்கிறேன். அந்தக் காரணங்களைக் காட்டித்தான் உரிமம் வாங்கினேன்.

துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதைச் சிலர் வீம்பு என்று நினைக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளே அப்படித்தான் சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறையில், உடலோடு பிணைத்து இருக்க வேண்டும். முழுவதும் மூடியிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டை விட்டு விலகக் கூடாது. உறையில்லாமல் வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வதும், சட்டைக்கு வெளியே தெரியும்படி மாட்டிக்கொள்வதும் உரிமத்தையே ரத்து செய்ய வைக்கும். ஆகவே நல்ல உறையும் கைக்கு அடங்கும் கைப்பிடியும் நமக்கு அவசியத் தேவைகள். அந்தத் தேவையை வைத்துத்தான் இந்தக் கடை பிழைப்பு நடத்துகிறது.

2023ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை முடிந்தபோது துப்பாக்கியின் சட்டகத்தில் மூன்று நான்கு இடங்களில் துருப்புள்ளி விழுந்திருந்தது. மலையில் ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள் இருக்கும் துணியே ஈரம் பிடிக்கிறது. இரும்பு என்ன செய்யும். கடையில் மூன்று வேலைகளைச் சொன்னேன். துருவை நீக்கி எண்ணெய் போட்டுத் தர வேண்டும். தடித்த கைப்பிடிக்குப் பதில் ஒல்லியான மரக் கைப்பிடி வேண்டும். இடுப்பு வாரில் கோக்கும் தோல் உறை ஒன்று வேண்டும். இந்த மூன்றையும் வேலைச் சீட்டில் எழுத வைத்து, வரிசை எண்ணையும் குறிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கினேன். கொடுப்பதற்கு முன் துப்பாக்கியை நாலாபக்கமும் படம் எடுத்து வைத்தேன். மதிப்பீடு 4,500 ரூபாய் என்றார்கள்.

அப்போதே கடைக்காரர் வேறு சில யோசனைகளையும் சொன்னார். "சார், சுத்தியலின் கொம்பு ஸ்வெட்டரில் சிக்கும், அறுத்துவிடலாம். விசை கனமாக இருக்கிறது, வில்லை இளக்கிவிடலாம். நிக்கல் முலாம் போட்டால் துருவே பிடிக்காது. குழலைக்கூட இரண்டு அங்குலமாகக் குறைத்துத் தருகிறோம்." சுத்தியல் என்பது தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் பாகம், கொம்பு அதன் பின்பக்க நீட்டல், விசை விரலால் இழுப்பது. எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குழலைக் குறைக்கும் பேச்சு எவ்வளவு பெரிய வினை என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, அதற்கென உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கிக் குழலைக் குறைக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். தேநீர் ஆற்றிக் கொடுத்தபடி ஒரு கடைக்காரர் அதைச் சாதாரணமாகச் சொல்கிறார் என்றால், ஏற்கெனவே எத்தனை பேருக்குச் செய்து கொடுத்திருப்பார் என்று கவலையாக இருக்கிறது.

திரும்ப வாங்கப் போனபோது 2024 மார்ச் பிறந்திருந்தது. துப்பாக்கியைக் கெட்டியாகக் கிரீஸ் பூசி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். காகிதத்தைப் பிரித்ததும் வெள்ளையாகப் பளபளத்தது. முலாம் போட்டிருந்தார்கள். சுத்தியலின் கொம்பும் இல்லை. "உங்கள் நன்மைக்குத்தான் சார், எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்" என்றார். தொகை 18,500 ரூபாய். வரி எண் போட்ட ரசீது கிடையாது, துண்டுச் சீட்டுதான். பணம் முழுவதும் கொடுத்தால்தான் துப்பாக்கி என்று கல்லாவை விட்டு நகர மறுத்தார். உரிமத்துக்குரிய ஆயுதத்தைத் தகராறோடு இன்னொருவர் கையில் விட்டுவிட்டு வருவது இன்னும் ஆபத்து. ஆட்சேபத்தைச் சீட்டின் பின்புறம் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். "ஒரு வாரத்துக்குக் கிரீஸைத் துடைக்காதீர்கள், முலாம் இறுக வேண்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

இதுதான் அவர்களுடைய பெரிய தந்திரம். மின்முலாம் தொட்டியிலிருந்து எடுத்ததும் முடிந்துவிடும் வேலை. அது பெயின்ட் போலக் காய்ந்து இறுக வேண்டியதில்லை. கிரீஸ் எதை மறைத்தது என்பது மார்ச் 16ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் வெளிவந்தது. நடத்தை விதிகள் அமலுக்கு வந்தால் உரிமதாரர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் பழகிய நடைமுறை. நிலையத்தில் எழுத்தர் உரிமப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, துணியால் கிரீஸைத் துடைத்து எண்ணைத் தேடினார். டார்ச் அடித்தார். துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தார். என்னைப் பார்த்தார். "சார், நம்பரைக் காணோமே?"

துருவைப் போக்குவதற்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன் என்று மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்து, வரிசை எண் பதிந்த இடத்தையும் சேர்த்து மழித்து, அதன்மேல் முலாம் ஏற்றியிருக்கிறார்கள். முதல் இரண்டு இலக்கம் நிழல்போல் தெரிந்தது. மற்றவை இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவைப் படித்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். துப்பாக்கியில் உள்ள எண்ணையோ அடையாளத்தையோ அழிக்கக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. அழிந்த எண்ணுள்ள துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ, அவரே அழித்ததாகச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். அதாவது கடைக்காரன் தேய்த்தான், நான் குற்றவாளி. நான் முன்பே எடுத்த படங்களும், எண் குறித்த வேலைச் சீட்டும், பின்புறம் எழுதிய ஆட்சேபமும் இல்லாவிட்டால் அன்றைக்கு என் கதி என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. ஆய்வாளர் பொறுமையாக எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார். வாக்குமூலம் எழுதிக்கொடுத்தேன். ஆட்சியர் அலுவலகத்துக்கும் அன்றே எழுதினேன். துப்பாக்கியை ஆயுதப்படை ஆர்மரரின், அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவரின், பார்வைக்கு அனுப்பினார்கள்.

விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது. என் துப்பாக்கியில் கடையில் யாரும் கை வைக்கவில்லை. பக்கத்துத் தெருவில் வண்டி உதிரிபாகங்களுக்கு முலாம் போடும் பட்டறைக்கு அதை அனுப்பியிருக்கிறார்கள். துப்பாக்கியைப் பழுது பார்க்கவே 5ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். உரிமதாரர் எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்தால் இன்னொருவர் பழுதுபார்க்க எடுத்துச் செல்லச் சட்டத்தில் வழி இருக்கிறது. நான் கொடுத்த கடிதத்தில் கடையின் பெயர் மட்டுமே உண்டு. என் பெயரில் பதிவான ஆயுதம் எத்தனை இரவு எந்த மூலையில் கிடந்ததோ, அந்த நாட்களில் அதை வைத்து ஏதாவது நடந்திருந்தால் போலீஸ் முதலில் தட்டுவது என் கதவைத்தான்.

ஜூனில் வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகு, எண் குறித்த அறிக்கையோடு துப்பாக்கி திரும்பக் கிடைத்தது. உரிமம் பெற்ற வேறொரு பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் சென்றேன். ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவர். என் கண்முன்னேயே பிரித்தார். சுத்தியலை அடிக்க வைக்கும் முதன்மை வில்லின் இரு விளிம்பையும் அரத்தால் ராவி மெலிதாக்கியிருந்தார்கள். விசை இலகுவாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் கடையிலேயே மகிழ்ந்துபோவதற்காகச் செய்யும் வேலை அது. தோட்டாவின் அடியில் இருக்கும் ப்ரைமர் பற்ற வேண்டுமென்றால் சுத்தியல் முழு வேகத்தோடு விழ வேண்டும். கொம்பை அறுத்ததில் சுத்தியலின் எடையும் குறைந்துவிட்டது. ரைஃபிள் கிளப்பில் அனுமதியோடு சுட்டுப் பார்த்தபோது ஒன்று வெடித்தது, அடுத்தது 'டிக்' என்றது. வெடிக்காத தோட்டாவை எடுத்துப் பார்த்தால் ப்ரைமரில் ஆழமாக விழ வேண்டிய குழி, கத்தரிக்காயில் நகம் பட்ட தடம்போல் மேலோட்டமாக இருந்தது. வெடித்த தோட்டாக்களின் கூடுகளும் எளிதில் வெளியே வரவில்லை. தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரின் அறைகளுக்கு உள்ளேயும் முலாம் ஏறி, துளை இறுகியிருந்தது.

கான்பூர் ரிவால்வரின் விசை கனமானது என்பது உண்மைதான். சட்டைக்கு அடியில், உட்கார்ந்து எழுந்து, ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டு எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கு அந்தக் கனமே காவல். அதைக் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொல்லி, என் வீட்டு ஆள் அதற்குச் சம்மதித்தால், அவர் கையைப் பிடித்து இழுத்துவருவேன். சுத்தியலின் கொம்பு துணியில் சிக்குவது, கொம்பையும் சேர்த்து மூடும் உறை இருந்தால் தீர்ந்துபோகும்.

அவர்கள் கொடுத்த உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே தோல், உள்ளே கைப்பை தைக்கும் பஞ்சு. துப்பாக்கியை உருவியதும் வாய் சப்பென்று ஒட்டிக்கொள்கிறது. திரும்பச் செருக இரண்டு கையும் வேண்டும். விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக் கூட்டின் பாதி வெளியே தெரிகிறது. சாவிக்கொத்தோ ஜெர்கின் கயிறோ உள்ளே நுழைந்து விசையில் மாட்டப் போதுமான இடம். பஞ்சு மழை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, முலாம் பெயர்ந்த இடங்களில் ஒரே மாதத்தில் மறுபடி துருவைக் கொண்டுவந்தது.

இப்போது நான் பயன்படுத்தும் உறை திண்டுக்கல் பேகம்பூரில் தைத்தது. தோல் பதனிடும் ஊரை மலையடிவாரத்தில் வைத்துக்கொண்டு நாம் எங்கெங்கோ அலைகிறோம். துப்பாக்கியைத் தைத்தவரிடம் காட்டவே இல்லை. தச்சரிடம் அதே அளவில் மரத்தில் ஓர் அச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். "தம்பி, இது போதும், உருப்படி எனக்கு எதற்கு" என்று பாய் தடித்த மாட்டுத்தோலை நனைத்து, அச்சின்மேல் இழுத்து, விசைக் கூட்டைச் சுற்றி எலும்புக் குச்சியால் அழுத்தித் தேய்த்துக் காய வைத்தார். காய்ந்த பிறகு பலகைபோல் நிற்கிறது, வாய் மூடுவதில்லை. இடப்பக்கம் கொஞ்சம் முன்னால் மாட்டினால் ஜீப்பின் சீட் பெல்ட்டும் தடுப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்து, துடைத்து, எண்ணெய்த் துணியில் வைத்துப் பெட்டியைப் பூட்டிவிடுகிறேன். எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும் மலை ஈரத்தில் அதற்குள்ளேயே துப்பாக்கியை விட்டுவைக்கக் கூடாது.

இந்தக் கடை நம் பக்கத்து ஆட்களிடம் "காட்டுமாடு, கரடிக்கு உதவும்" என்றும் பேசி விற்கிறது. .32 ஈயக் குண்டு காட்டுமாட்டை நிறுத்தாது, வெறிகொள்ளத்தான் வைக்கும். 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு, முதன்மை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதன் எல்லைக்குள் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் உரிமதாரர்கள் அவரிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பதிவு செய்யாதவர்கள் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

நான் புகார் கொடுத்தது திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. கடையின் ஆயுத உரிமம் பற்றி அந்த மாவட்ட ஆட்சியருக்குத் தனியாக மனு போயிருக்கிறது.

உங்கள் துப்பாக்கி இப்போது அப்படி ஒரு கடையில் இருந்தால், எழுத்துமூலம் கேட்டுத் திரும்ப வாங்குங்கள். வாங்கும்போது அங்கேயே கிரீஸைத் துடைத்து, உரிமப் புத்தகத்தை அருகில் வைத்து, எண்ணை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் இலக்கம் மங்கியிருந்தாலும் வீட்டுக்குப் போகாமல் நேரே காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக்கொடுங்கள். அந்தக் கடையின் துண்டுச் சீட்டு யாரிடமாவது இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். அடுத்த விசாரணையில் என்னோடு நின்று அதைக் காட்ட முன்வருபவர்கள் எனக்கு எழுதுங்கள்.