இருபது வயது சிவப்பு வைன்: முசாரா, லெயோவில் பார்ட்டனா?

இரண்டுமே குடும்பச் சொத்து. லெபனானின் ஷாத்தோ முசார் 1930 முதல் ஹோஷார் குடும்பத்திடம். பிரான்சில் போர்தோ பகுதியின் லெயோவில் பார்ட்டன் 1826 முதல் பார்ட்டன் குடும்பத்திடம்.

பார்ட்டனில் பெரும்பங்கு கேபர்னே சோவின்யோன் திராட்சை, மீதி பெரும்பாலும் மெர்லோ திராட்சை. வயதானபின் சிடார் மரம், புகையிலை, பிளாக்கரன்ட் பழ மணம். ஒழுங்கான வைன், எதிர்பார்த்ததுதான் வரும். முசாரில் கேபர்னேயோடு சின்சோ, காரின்யான் திராட்சைகளும் சேரும். அறுவடையின் ஏழாம் ஆண்டில்தான் சந்தைக்கே வரும். அத்திப்பழம், தோல், மசாலா மணத்தோடு மூக்கில் லேசான வினிகர் நெடியும் ஏறும். அது முசாரின் குணம். காற்றுப்பட்டால் ஓரளவு தணியலாம். நெயில் பாலிஷ் நெடியே மேலோங்கி நின்றால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

இரண்டுக்கும் வண்டல் உண்டு. திறப்பதற்கு முந்தின நாளே புட்டியை நிமிர்த்தி வையுங்கள். பழைய தக்கை திருகாணியில் நொறுங்கும். இரு தகடு கொண்ட திறப்பான் நல்லது. கழுத்துக்குக் கீழே வெளிச்சம் வைத்து வேறொரு குடுவையில் மெதுவாகச் சரித்து, வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்துங்கள். பரிமாற 17 டிகிரி செல்சியஸ் போதும். சென்னை அறை வெப்பத்தில் ஆல்கஹால் நெடிதான் முந்தும்.

முசாரை இரண்டு மூன்று மணி நேரம் காற்றாட விடலாம். பார்ட்டனுக்கு அரை மணி போதும். ஆட்டுக்கறி விருந்தென்றால் நான் முசாரைத்தான் திறப்பேன்.