மூன்று மானிட்டரில் செஸ்னா 172: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்கு மூன்று மானிட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "என்ன விமானம் ஓட்டுறீங்க?" என்றுதான். ஏ320 பயணிகள் ஜெட்டை ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு, கடைசிப் பத்து மைல் நேர்கோட்டில் வந்து இறக்குபவருக்குப் பக்கத் திரைகள் வெறும் அலங்காரம். அவர் ஒரு பெரிய 4கே திரையும், கருவிகளைப் பிரித்துப் போட ஒரு சின்னத் திரையும் வாங்கிக்கொள்வது மேல். என்னைப் போல செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் ஓடுபாதையையே சுற்றிச் சுற்றி வருகிறவருக்குத்தான் பக்கத் திரை உண்மையில் வேலை செய்கிறது.

கோவை விமான நிலையத்தின் 23-ஆம் எண் ஓடுபாதையில் இடப்பக்கச் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுன்விண்டில், அதாவது ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராக, 050 பாகைத் திசையில் போகும்போது ஓடுபாதை இடதுபுறம் கிடக்கும். இறக்கையைத் தாங்கும் கம்பியின் பாதியளவில் ஓடுபாதை வெட்டிக்கொண்டு போனால் இடைவெளி சரி என்பது 172 ஓட்டுபவர்களின் பழைய கணக்கு. அந்தக் கம்பி இடது மானிட்டரில்தான் இருக்கிறது. அதைவிட முக்கியமான இடம் பேஸிலிருந்து (ஓடுபாதைக் கோட்டுக்குக் குறுக்கே வரும் பகுதி) ஃபைனலுக்கு (ஓடுபாதைக்கு நேரே இறங்கும் பகுதி) திரும்பும் நேரம். திரும்பத் தொடங்கும் கணத்தில் ஓடுபாதை நமக்கு இடப்பக்கம் அறுபது எழுபது பாகையில் இருக்கும். ஒற்றைத் திரையில் அது தெரியவே தெரியாது. குத்துமதிப்பாகத் திருப்பி, கோட்டைத் தாண்டிப் போய், மறுபடி இழுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். மூன்று திரை வந்த பிறகு இந்தத் தாண்டல் எனக்குப் பெருமளவு நின்றுபோனது.

இதெல்லாம் அளவு சரியாக இருந்தால் மட்டும். 27 அங்குலத் திரையின் படப்பரப்பு சுமார் 60 செ.மீ. அகலம். என் கண்ணுக்கும் திரைக்கும் 65 செ.மீ. அந்தத் தூரத்தில் ஒரு திரை அடைக்கும் கோணம் ஏறக்குறைய 49 பாகை. நான் பயன்படுத்தும் சிமுலேட்டரான எக்ஸ்-பிளேன் 12-ல் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியாகப் பார்வைக் கோணமும் பக்கவாட்டு விலகலும் கொடுக்கலாம். கோணம் 49. விலகல், திரைகளுக்கு நடுவிலுள்ள மானிட்டர் ஓரச் சட்டங்களின் தடிமனையும் சேர்த்து, இடம் வலம் இரண்டுக்கும் 50.5. மேசை மேல் திரைகளும் அதே கோணத்தில் வளைந்து நிற்க வேண்டும். சரியாக அமைந்தால், விமானத்தைச் சாய்க்கும்போது தொடுவானம் மூன்று திரைகளிலும் உடையாமல் ஒரே கோடாக ஓடும். உடைந்தால் எண்ணை மாற்றாதீர்கள், டேப்பை எடுத்துத் தூரத்தை மறுபடி அளந்து பாருங்கள்.

இன்னொரு வழி, என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் உள்ள சர்ரவுண்ட் வசதி. அது மூன்றையும் சேர்த்து 5760×1080 என்ற ஒரே அகலத் திரையாகக் காட்டுவது. மூன்றுக்கும் ஒரே ரெசல்யூஷன், ஒரே ரெஃப்ரெஷ் ரேட் வேண்டும். வேகத்துக்கு நல்லது, காட்சி ஒரே முறைதான் வரையப்படுகிறது. ஆனால் தட்டையான ஒரே படமாக வரைவதால் ஓரங்கள் இழுபட்டு, பக்கத்து மலை கிடைமட்டத்தில் படுத்துவிடும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் 2022-ல் வந்த அப்டேட்டில், கூடுதல் திரைகளைத் தனி ஜன்னலாகத் திறக்கும் வசதி சோதனை நிலையில் சேர்ந்தது. நான் எக்ஸ்-பிளேனிலேயே தங்கிவிட்டேன்.

வேகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மூன்று முழு எச்டி திரைகள் சேர்ந்து 62 லட்சம் பிக்சல்தான். ஒரு 4கே திரையோ 83 லட்சம். அதனால் சுமை குறைவு என்று நினைக்க வேண்டாம். தனித்தனிக் கோணம் என்றால் காட்சியை மூன்று முறை தயார்செய்ய வேண்டும், அந்தப் பாரம் கிராபிக்ஸ் கார்டோடு நிற்காமல் பிராசசர் தலையிலும் விழுகிறது. நொடிக்குச் சுமார் 20 ஃபிரேமுக்குக் கீழே போனால் எக்ஸ்-பிளேன் படத்தைத் துண்டிக்காமல் நேரத்தையே மெதுவாக்கிவிடும். ஃபைனல் முடிவில்லாமல் நீளும். மரங்களின் அடர்த்தியையும் நிழலையும் குறைத்தேன், மேகத்தைத் தொடவில்லை.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத குறை உயரம். அகலம் 148 பாகை கிடைக்கிறது, உயரத்தில் கிடைப்பது வெறும் 29. ஓடுபாதை தெரிகிற மாதிரி வைத்தால் கருவிப் பலகையின் பாதி திரைக்குக் கீழே போய்விடும். அதற்காகத்தான் நடுத்திரைக்குக் கீழே ஒரு சின்ன நான்காவது திரை வைத்திருக்கிறேன். 172-ன் டிஜிட்டல் கருவித் திரையான ஜி1000-ஐப் பிரித்து அதில் போட்டுவிட்டேன். இன்று வாங்குவதாக இருந்தால் 32 அங்குலம் பார்ப்பேன், அதே தூரத்தில் 34 பாகை கிடைக்கும். பெரிய வித்தியாசமில்லை, ஆனால் தெரியும்.

சட்டங்கள் கண்ணை உறுத்தாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இடதுபுறம் உறுத்துவதே இல்லை; விமானத்தின் முன்கண்ணாடித் தூணும் மானிட்டர் சட்டமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுகின்றன. வலதுபுறம் அப்படியில்லை. விமானி இடப்பக்க இருக்கையில் இருப்பதால் வலத் தூண் வெகுதூரம் தள்ளிப் போகிறது, சட்டம் முன்கண்ணாடியின் நடுவே கறுப்புக் கோடாக நிற்கிறது. பழகிவிட்டது, பிடிக்கவில்லை.

மேசையில் கவ்விக்கொள்ளும் மானிட்டர் கைகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். யோக்கும் (விமானத்தின் ஸ்டியரிங் பிடி) அதே மேசையில் இருந்தால், இழுக்கும் ஒவ்வொரு முறையும் தொடுவானம் ஆடும். பட்டறையில் ஸ்லாட்டட் ஆங்கிளில் (துளையிட்ட இரும்புச் சட்டம்) தனி ஸ்டாண்ட் அடித்து, 100 மி.மீ. துளைத் தகட்டில் மானிட்டர்களை முடுக்கினோம். பட்டறை அண்ணன், "தம்பி, எத்தனை டிவிப்பா பார்ப்பே?" என்று கேட்டார். ஸ்டாண்ட் இன்றுவரை அசையவில்லை.

கரண்ட் போனால் கதை வேறு. யுபிஎஸ்ஸில் கணினியும் நடுத்திரையும் மட்டும்தான். பக்கத் திரைகள் அணைந்ததும் விண்டோஸ் அவற்றைக் கழற்றிவிட்டதாக எடுத்துக்கொண்டு ஜன்னல்களை எல்லாம் நடுவில் குவித்துவிடும். கரண்ட் வந்த பிறகு திரும்ப அடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் இத்தனை திரையும் கணினியும் ஓடும் அறையில் ஏசி இல்லாமல் உட்காரவும் முடியாது.

பணம் இடித்தால் வலது மானிட்டரை விட்டுவிடலாம். வழக்கமான சுற்று இடப்பக்கம்தான், உட்காருவதும் இடப்பக்கம்தான். வலதுபுறம் நான் திரும்பிப் பார்ப்பது தரையில் ஓட்டிச்செல்லும் டாக்சியின்போதும் எப்போதாவது வலச்சுற்றின்போதும் மட்டுமே. இரண்டே திரை என்றால் சர்ரவுண்டைத் தொடாதீர்கள், சட்டம் நேராக மூக்குக்கு முன்னால் வந்துவிடும். ஒன்றை நாற்காலிக்கு நேரே வையுங்கள், மற்றதை இடப்பக்கம் 50 பாகையில் திருப்புங்கள், எக்ஸ்-பிளேனில் அதற்கு மட்டும் விலகல் கொடுங்கள். மூன்றாவதை அப்புறம் யோசிக்கலாம்.